போர் தண்ணீர் ஊரில் மோட்டார்ஹோம் கழுவுதல்: வெள்ளைப் புள்ளி விழாமல் இருக்க

மோட்டார்ஹோம் புதிதாக வாங்கியவர்களும், டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து மாற்றிக்கொண்டவர்களும் முதல் இரண்டு மூன்று கழுவலுக்குள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நல்லாத்தானே கழுவினோம், காய்ஞ்சதும் ஏன் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி?" உடனே ஷாம்புவை மாற்றுவார்கள், துணியை மாற்றுவார்கள், கழுவின பையனைத் திட்டுவார்கள். அடுத்த முறையும் அதே புள்ளி இருக்கும்.

அது அழுக்கே கிடையாது. போர் தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பும் மக்னீசியமும்தான் அது. தண்ணீர் ஆவியாகிவிடும், கரைந்திருந்தது மட்டும் வண்டி மேல் தங்கிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பிடிக்கிற வெள்ளைப் பொருக்கும், ஹீட்டர் ராடில் கட்டுகிற ஓடும் இதே சரக்குதான். ஆகவே புள்ளி விழாமல் கழுவுவதற்கு இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும். வண்டி மேல் கடைசியாக நிற்கும் தண்ணீர் எது? அது காய்வதற்குள் எடுத்துவிட்டோமா? ஷாம்பு, பாலிஷ், கோட்டிங் எல்லாம் அதற்கப்புறம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கரைந்த உப்பின் அளவை டிடிஎஸ் என்கிறோம். டிடிஎஸ் 1,000 என்றால் ஒரு லிட்டரில் 1 கிராம் உப்பு இருக்கிறது. கழுவி முடித்த வண்டி மேல் இரண்டு லிட்டர் தண்ணீர் ஒட்டி நின்று அப்படியே காய்ந்தால் 2 கிராம் வெள்ளைத் தூள் மேலே படியும். அதே இரண்டு லிட்டர் டிடிஎஸ் 50 உள்ள தண்ணீராக இருந்தால் 0.1 கிராம்தான். கண்ணுக்கே தெரியாது.

முதலில் உங்கள் தண்ணீர்

மதுரையைச் சுற்றி அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் நெடுநாள் கிடந்து ஊறிய தண்ணீர்தான் போரில் ஏறி வருகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் சோப்பு நுரைக்கும், நாலு வீடு தள்ளி நுரைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கொஞ்சம் இளகும், பங்குனி, சித்திரையில் மட்டம் இறங்கியதும் மறுபடி கடுப்பாகும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்ய முடியாது.

டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் இருக்கும். ஆர்ஓ சர்வீஸுக்கு வருகிறவர் சட்டைப் பையில் வைத்திருப்பாரே, அதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார்ஹோம் வைத்திருப்பவர் இதை வாங்கிவிடுவது நல்லது, போகிற ஊரிலெல்லாம் டேங்க்கில் தண்ணீர் பிடிக்கும்போதும் உதவும். ஆனால் அது மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவிக் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்மையான தண்ணீர். நுரை வராமல் பால் மாதிரி கலங்கித் திரிதிரியாக மிதந்தால் சுண்ணாம்பு அதிகம். இதற்கு லிக்விட் டிடர்ஜென்ட் எடுக்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைத்துவிடும்.

எண்ணாகவே வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்று ஒரு வரி இருக்கும். ஐஎஸ் 10500 என்கிற குடிநீர்த் தரத்தின்படி அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஒத்துக்கொள்கிறார்கள். டிடிஎஸ்ஸுக்கு இதே போல 500, 2,000. "குடிக்கலாம்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எப்படிக் கறை விழும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரிலேயே வண்டியில் தாராளமாகப் புள்ளி விழும்.

கருவி எதுவும் இல்லாதவர்கள் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்து வைத்து, அதில் போர் தண்ணீர் ஒரு சொட்டு, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு, கேன் தண்ணீர் ஒரு சொட்டு, ஏசி குழாயில் சொட்டுவதில் ஒரு சொட்டு என்று தள்ளித் தள்ளி விட்டு வெயிலில் வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். போர் தண்ணீர் விட்ட இடத்தில் ஒரு வளையம் நிற்கும், நடுவில் மெலிதாகவும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். சொட்டு காயும்போது தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருப்பதால் உப்பெல்லாம் அங்கே போய்ச் சேர்கிறது. நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பு தெரியும். ஏசி தண்ணீர் விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்கும். வண்டி மேல் எதைக் கடைசியாக ஊற்றலாம் என்பதை அந்தத் தட்டே காட்டிவிடும்.

எந்தத் தண்ணீர் எதற்கு

முழு வண்டியையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லவில்லை. இந்த ஊரில் அது நியாயமும் இல்லை. தூசி இறக்குவதற்கும் நுரை அலசுவதற்கும் போர் தண்ணீர் போதும். நல்ல தண்ணீர் ஷாம்பு கலக்க ஒரு பக்கெட்டும், கடைசி அலசலுக்கு ஒன்றரை இரண்டு பக்கெட்டும் இருந்தால் வேலை முடிந்தது.

கடைசி அலசலுக்குச் சுலபமாகக் கிடைப்பது 20 லிட்டர் கேன் தண்ணீர். ஆர்ஓ செய்தது என்பதால் டிடிஎஸ் பொதுவாக நூறுக்குக் கீழே இருக்கும், மீட்டரை ஒரு தடவை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி தண்ணீர் அதைவிடச் சுத்தம், காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிவதுதானே. ஒன்றரை டன் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் அரை பக்கெட் வரை கிடைக்கும். கோடையில் காற்று காய்ந்து கிடக்கும்போது அளவு குறையும். மெல்லிய துணியில் வடிகட்டி மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள். மழைத் தண்ணீரும் அருமையானது, ஆனால் மாடித் தளத்தில் ஓடி வந்தால் தட்டோட்டுச் சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு வரும். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டு, தார்ப்பாய் கட்டி நேராகப் பிடிக்கலாம். மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறவர்கள் அதை மீட்டர் விட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் இன்னும் சுத்தம்தான், முழு வண்டிக்கு அதை வாங்குவது தண்டச் செலவு. கண்ணாடிக்கும் சோலார் தகட்டுக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

நிறையப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வீட்டு ஆர்ஓவில் இன்னொரு குழாய் வழியாகக் கழிவுத் தண்ணீர் வருமே, 'வீணாப் போகுதே, வண்டியாவது கழுவலாம்' என்று பிடித்து வைப்பார்கள். வடிகட்டி ஒதுக்கின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, உள்ளே போன போர் தண்ணீரைவிடக் கடுப்பு. பாத்ரூமுக்கும் வாசல் தெளிக்கவும் ஆகும், வண்டி மேல் மட்டும் வேண்டாம்.

அப்பார்ட்மென்ட்களில் உப்பு போட்டு ஓட்டுகிற சாஃப்ட்னர் இருக்கும். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. மொத்த உப்பு குறையாது, அதனால் மீட்டரில் எண் மாறவில்லையே என்று குழம்ப வேண்டாம். அந்தத் தண்ணீரும் காய்ந்தால் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் ஈரத் துணியில் ஒரு இழுப்பில் போய்விடும், ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்காது. ஷாம்பு வேலைக்கும் நடு அலசலுக்கும் நல்லது. கரைந்த உப்பையெல்லாம் பிடித்துக்கொள்கிற ரெசின் மணிகள் அடைத்த டிஐ ஃபில்டரை ஓஸில் மாட்டும் வசதியும் இருக்கிறது. அதற்குள் நேராகப் போர் தண்ணீரை விட்டால் ரெசின் சீக்கிரம் தீர்ந்து கையைக் கடிக்கும்.

எப்போது, எங்கே

மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் வண்டி கழுவுவது வீண் வேலை. ஒரு பக்கம் கழுவி முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துவிடும். சூரியன் ஏறுவதற்கு முன் ஆரம்பித்து எட்டு மணிக்குள் துடைத்து முடித்துவிடுவது நல்லது. சாயங்காலமும் கழுவலாம், ஆனால் பகலெல்லாம் வெயிலில் நின்ற தகரம் இருட்டிய பிறகும் சூடாகவே இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆடி மாதத்தில் வெயில் இல்லாவிட்டாலும் காற்று காயவைத்துவிடும், தூசியையும் கொண்டுவந்து போடும். அந்த மாதத்தில் காலை ஆறு மணிதான் சரி.

நிழலுக்காக வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்தாதீர்கள். பிசின், பூ, காக்கை எச்சம் மூன்றும் இலவசமாக விழும். கட்டட நிழல் நல்லது. கிழக்கு வெயில் படாத பக்கமாக நிறுத்துவதோடு, இன்னொன்றையும் கவனியுங்கள். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கில் இருப்பதால் சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாயும். தை மாதம் நிழலாக இருந்த வடக்குச் சுவர் ஓரம் ஆனியில் நிழலாக இருக்காது.

கழுவுவதற்கு முன்

காருக்கும் மோட்டார்ஹோமுக்கும் வித்தியாசம் இங்கேதான். ஒன்பது பத்தடி உயரம், மேலே ஏசி, சோலார் தகடு, காற்றுப்போக்கி மூடிகள், பக்கவாட்டில் ஃப்ரிட்ஜ் காற்றுத் துவாரம், தண்ணீர் பிடிக்கும் மூடி, வெளி மின் பிளக் என்று ஓட்டைகள் நிறைய. வெளி மின் இணைப்பு இருந்தால் முதலில் கழற்றுங்கள். இன்வெர்ட்டரையும் மேல் ஏசியையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல், மேல் மூடி, எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃப்ரிட்ஜ் துவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். கடைசியில் அதைப் பிய்க்க மறந்துவிடாதீர்கள்.

ஏணி வேண்டும். ஃபைபர் உடம்பின் மேல் ஏணியைச் சாய்த்தால் பள்ளம் விழும், கீறல் விழும். ஆங்கில 'A' எழுத்து மாதிரி தானாக நிற்கிற ஏணி பாதுகாப்பு. ஈரமான கூரை மேல் ஏறி நிற்கவே கூடாது. நீளக் கம்பு போட்ட மென்மையான பிரஷ் இருந்தால் ஏணியில் இரண்டு படி ஏறினாலே கூரை எட்டும்.

பிரஷர் கன் வைத்திருப்பவர்கள் உடம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளிப் பிடியுங்கள். கூரை மூட்டுகளிலும் ஜன்னல் ஓரத்திலும் பூசியிருக்கும் சீலன்ட் மேல் நேராக அடித்தால் அது பிய்ந்து, அடுத்த மழைக்குக் கட்டில் மேலேயே ஒழுகும். ஸ்டிக்கர் ஓரத்திலும் அடிக்க வேண்டாம்.

கழுவுதல்

கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். கீழே எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும் கூரை அழுக்கு பிறகு வழிந்து கோடு போட்டுவிடும். முதலில் ஓஸில் போர் தண்ணீரைத் தாராளமாக விட்டுத் தூசியை இறக்குங்கள். குவாரி லாரிகள் ஓடும் மேலூர்ப் பக்கச் சாலைகளில் போய்வந்த வண்டி என்றால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள், கிரானைட் தூளோடு துணியைத் தேய்த்தால் பெயின்ட் முழுக்க முடிக் கீறல் விழும். காய்ந்த துணியால் தூசி தட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளுக்கு ஈரத் துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்தால் தானாக விடும்.

ஷாம்புவை நல்ல தண்ணீரில் கலக்குங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்தால் அதன் வேலையில் பாதி சுண்ணாம்போடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். வண்டிக்கென்று விற்கிற ஷாம்புதான் வேண்டும். துணி துவைக்கும் பவுடரில் சோடா இருக்கும், மெழுகுப் பூச்சையும் எடுத்துவிட்டு அது தன் பங்குக்கு வெள்ளைக் கோடும் போடும். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்று ஷாம்புக்கு, இன்னொன்று அழுக்குத் துணியை அலச. சக்கரத்துக்குத் தனித் துணி.

இனிமேல்தான் முக்கியம். ஒரே மூச்சில் முழு வண்டிக்கும் நுரை போடாதீர்கள். இருபதடி நீள வண்டியின் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நுரை போடு, தேய், அலசு, அடுத்ததுக்குப் போ. போகும்போது முடித்த பகுதியிலும் அவ்வப்போது ஓஸைக் காட்டி ஈரமாகவே வைத்திருங்கள். போர் தண்ணீர் பட்ட இடம் நல்ல தண்ணீர் படும் வரை காயக் கூடாது. அது காய்ந்துவிட்டால் பிறகு எத்தனை கேன் ஊற்றினாலும் அந்தப் புள்ளி கரையாது, ஏனென்றால் படிந்த கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரைகிற பொருளே இல்லை.

கடைசி அலசல்

இதற்கு உழவர்கள் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்க்கவில்லை. 16 லிட்டர் பிடிக்கும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று எந்த ஊர் உரக்கடையிலும் கிடைக்கும். புதிதாக வாங்குங்கள், தோட்டத்தில் மருந்தடித்த பழசைக் கடன் வாங்காதீர்கள். விசிறி மாதிரி விரிகிற நாசிலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மக்கில் மொண்டு ஊற்றினால் ஒரு கேன் ஒரு பக்கத்துக்கே போதாது. ஸ்ப்ரேயரில் அடித்தால் ஒரு டேங்க் தண்ணீரில் இருபதடி வண்டி முழுக்க நனைந்துவிடும், இரண்டு டேங்க் என்றால் தாராளம். கூரையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, பிறகு பக்கங்களில் மேலிருந்து கீழே. அவசரப்படாமல் கோடு கோடாக இறக்கிக்கொண்டே வாருங்கள், புதுத் தண்ணீர் பழைய தண்ணீரைத் தள்ளிக்கொண்டு இறங்குவது கண்ணுக்கே தெரியும். அடர் நிற வண்டிக்கும் கண்ணாடிக்கும் இரண்டாம் முறை அடியுங்கள், அங்கேதான் புள்ளி பளிச்சென்று தெரியும்.

கேன் தண்ணீருக்கு வழியே இல்லாத நாளில் போர் தண்ணீரோடு நிறுத்திவிட்டு உடனே துடைத்துவிட்டாலும் பரவாயில்லை. ஆள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அலச, இன்னொருவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வர.

துடைத்தல்

நல்ல தண்ணீரில் அலசினாலும் துடைத்துவிடுங்கள். பெரிய மைக்ரோ ஃபைபர் துண்டை விரித்துப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் தண்ணீர் ஏறிவிடும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். பனியன் வேஸ்ட் வேலைக்கு ஆகாது. ஈரத்தை இழுக்காமல் பரப்பிவிடும், நூலும் ஒட்டும். தரை துடைக்கிற ரப்பர் வைப்பரைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் ஒரு மணல் சிக்கினாலும் நீளக் கீறல்.

மோட்டார்ஹோம்களில் ஜன்னல் பல நேரம் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். விரலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். அதில் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ ஸ்பிரிட்டோ பட்டால் காலப்போக்கில் நுண்ணிய வெடிப்பு விடும். நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும் போதும்.

துடைத்து முடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். சைடு மிரர் கூட்டுக்குள், கதவுப் பிடிக்குப் பின்னால், ஜன்னல் ரப்பரில், வெளிப்பந்தல் சுருட்டியிருக்கும் பெட்டிக்குள், கூரை விளிம்பில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து அது வழிந்து ஒற்றைக் கோடாகக் காயும். இலை ஊதுகிற பிளோயர் இருந்தால் அந்த இடுக்குகளில் ஊதிவிட்டுத் துடையுங்கள். சிலர் வண்டியை ரிங் ரோடு வரை ஒரு ரவுண்டு ஓட்டித் தண்ணீரை உதற வைப்பார்கள், உதறும்தான், புதுத் தூசியையும் ஈரத்தின் மேல் அப்பிக்கொண்டு வரும். எனக்கு அது பிடிக்காது. வெளிப்பந்தலை விரித்துக் காயவிட்டு அப்புறம் சுருட்டுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடித்து நாறும்.

சோலார் தகட்டில் விழுகிற புள்ளி அழகை மட்டும் கெடுப்பதில்லை, வெளிச்சத்தையும் மறைக்கும். அதை விடிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது மட்டும், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு

சுண்ணாம்புக்கு மருந்து புளிப்பு. மளிகைக் கடையில் விற்கிற வெள்ளை வினிகரில் சரிபாதி நல்ல தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, புள்ளி மேல் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் ஒட்டிவையுங்கள். காயவிடாமல் துடைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். போகவில்லை என்றால் இன்னொரு முறை. முதலில் பின் பக்கம் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். பித்தளை விளக்குக்குப் புளி போடுகிறோமே என்று வண்டிக்கும் புளி கரைப்பவர்கள் உண்டு. புளிப்பு வேலை செய்யும், ஆனால் சக்கையும் பிசுக்கும் இடுக்குகளில் போய் அடைந்துகொள்ளும். வினிகர் சுலபம்.

இரண்டு எச்சரிக்கை. வினிகர் வழிகிற இடத்தில் கடப்பாக்கல் தரை இருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் மெருகு போய்த் திட்டாகும். சிமென்ட் டைலுக்கும் இதே கதிதான். அடுத்து, வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், மூச்சைப் பிடித்துவிடும்.

வினிகர் போட்ட இடத்தில் மெழுகுப் பூச்சும் மெலிந்திருக்கும், மறுபடி பூசிவிடுங்கள். இரண்டு மூன்று முறைக்கும் போகாத புள்ளி ஒன்று சிலிகாவாக இருக்கும், இல்லையென்றால் பெயின்ட்டையே அரித்திருக்கும். விரலால் தடவினால் மேடாக இல்லாமல் சின்னக் குழியாகத் தெரிந்தால் அரிப்புதான். அதற்கு மேல் அது பாலிஷ் மெஷின் வைத்திருப்பவரின் வேலை.

வாட்டர் சர்வீஸில் விடும்போது

பெரிய வண்டியை வீட்டு வாசலில் கழுவ இடம் இல்லாதவர்கள் வாட்டர் சர்வீஸுக்குத்தான் போவார்கள். போகலாம், ஆனால் கூடவே நிற்க வேண்டும். புள்ளியைக் காட்டியதும் "அண்ணே, லேசா ஆசிட் காட்டுனாப் பளிச்சுன்னு ஆயிரும்ணே" என்று தம்பி ஒருவர் பாட்டிலைத் தூக்குவார். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் அது. புள்ளி போகும், கூடவே அலுமினியப் பட்டியும் குரோமும் ரப்பரும் போகும். பளபளப்புக்கு டீசல் துடைப்பதும் வேண்டாம், மறுநாளே மொத்தத் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் ஸ்ப்ரேயரையும் இரண்டு கேனையும் எடுத்துப் போங்கள். "நுரை அலசினதோட விட்டுருங்க தம்பி, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் துடைக்கவும் ஆள் கிடைக்கும். உள்ளே நுழையும் முன் கூரைத் தகரத்தின் உயரத்தைப் பாருங்கள், காருக்காகக் கட்டின கொட்டகையில் உங்கள் மேல் ஏசி இடிக்கும். கண்மாயிலோ ஆற்றிலோ இறக்கிக் கழுவுகிற யோசனை வேண்டாம். அந்த நுரையையும் எண்ணெயையும் குடிக்கப்போவது அங்கே தண்ணீர் காட்டக் கொண்டுவரும் மாடுகள்.

'செராமிக் கோட்டிங் போட்டுட்டா தண்ணியே ஒட்டாது, புள்ளியே விழாது' என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. கோட்டிங் மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். துடைப்பது சுலபம், ஏறின புள்ளியை எடுப்பதும் சுலபம். ஆனால் போர் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு அழுத்தமான வளையமாக மாறும். கோட்டிங் போட்ட வண்டியைத் துடைக்காமல் விடுவது போடாத வண்டியை விடுவதைவிட மோசம்.

தனுஷ்கோடி போய்வந்தால்

ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வந்த வண்டியில் படிவது வேறு உப்பு. கடல் உப்பு தண்ணீரில் உடனே கரைந்துவிடும், அதனால் கறையைப் பற்றிய கவலை குறைவு, துருவைப் பற்றிய கவலை அதிகம். திரும்பிய அன்றைக்கே, ராத்திரியானாலும், அடிப்பக்கத்திலும் சக்கர வளைவுகளிலும் ஓஸை நன்றாகக் காட்டிவிடுங்கள். அதற்குப் போர் தண்ணீர் போதும், அடிப்பக்கத்துப் புள்ளியை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. மேல் உடம்பை மறுநாள் காலையில் முறைப்படி கழுவிக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் ஸ்ப்ரேயரில் மிச்சத் தண்ணீரை வைக்காமல் கொட்டிவிட்டு, நாசிலைக் கழற்றிக் காயவையுங்கள். துண்டுகளை மற்றத் துணிகளோடு போடாமல் தனியாகத் துவையுங்கள், வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் போடக் கூடாது. அது நூல் இழையில் படிந்தால் துண்டு தண்ணீரை இழுக்காது. கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் பிழிந்துவிடுங்கள், போர் தண்ணீரிலேயே காய்ந்த மைக்ரோ ஃபைபர் விறைத்துக்கொண்டு பெயின்ட்டைக் கீறும். நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.